ஏழாம் பாகமும் நான் வெட்டிய வரிகளும்

என் ஓரகத்திக்கு எழுத வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் நான் மறைத்தேன் என்று சொல்லக் கூடாது. ஒருமை பன்மை தெரியாது, வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாது, கால்புள்ளியை உப்பு தூவுகிற மாதிரி தூவுவாள். ஆனால் சனிக்கிழமை வந்தால் ஊரில் பாதிப் பேர் எங்கள் வாரப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திருப்புகிறார்கள், அவள் எழுதியதைப் படிக்க. அதே பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து ஒரு பிழை விடாமல் திருத்துகிறவள் நான். பதினேழு வருடமாக என் பெயர் அதில் ஒரு மூலையில்கூட வந்ததில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நான் எழுதியது, என் பெயரோடு, அந்தக் கடைசிப் பக்கத்தில் வர வேண்டும், படித்தவர்கள் சிரிக்க வேண்டும். இதற்குப் பெயர் பொறாமை என்றால், ஆமாம், பொறாமைதான். அதற்கு இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அவள் என் கணவரின் தம்பி மனைவி. ஒரே வீடு. மாடியில் நாங்களும் மாமனாரும், கீழே அவளும் கொழுந்தனும். அடுப்பு இரண்டு, துணி காயப்போடுகிற கொடி ஒன்று. எனக்கு ஐந்து வயது இளையவள். ‘அக்கா, அக்கா’ என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே என் பாத்திரத்தை வாங்கிப் போவாள், திரும்பி வரும்போது அதற்கு மூடி இருக்காது. படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. நான் இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள். இதை நான் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. தேவைப்பட்ட இடத்தில் ஞாபகப்படுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு ஒரு டிஸ்க் வாடகைக் கடையில் வேலை. கல்லாவில் பதினோரு வருடம். யார் என்ன படம் எடுப்பார், யார் பார்க்காமலே பார்த்ததாகச் சொல்வார், எல்லாம் அத்துப்படி. கடையை மூடுகிற நாளில் முதலாளி, “ஆளுக்கு வேண்டியதை எடுத்துக்குங்க” என்றாராம். நல்ல படங்களை மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு உள்ளே வருவதற்குள் மிஞ்சியது ஆறு அட்டைப்பெட்டி. தியேட்டர் வாசலையே மிதிக்காமல் நேராக டிஸ்க்கில் இறங்கிய படங்கள். முதல் பாகம் எப்படியோ ஓடித் தொலைத்தது என்பதற்காக எடுத்த மூன்றாம் பாகம், ஐந்தாம் பாகம், எட்டாம் பாகம். ஆறு பெட்டியையும் வண்டி பிடித்துக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கொழுந்தன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது நாள் அவனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அவளுக்கு ஒரு சலவை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற விரிப்புகளைப் பிரித்து, மூலையில் எண் துணி தைத்து, சலவைக்குத் தள்ள வேண்டும். காலை ஐந்து மணிக்குப் போனால் பகல் ஒரு மணிக்கு வருவாள். கால் இரண்டும் வீங்கியிருக்கும். ஒரு வாளியில் வெந்நீர் ஊற்றி, காலை அதில் விட்டுக்கொண்டு, இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஒரு படம். தினமும் ஒன்று. மற்றவர்கள் தூங்குகிற நேரத்தில் கீழேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் மாடி வரைக்கும் வரும்.

படம் பார்ப்பதில் அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, அதில் மட்டும் இம்மி பிசக மாட்டாள். எவ்வளவு கண்றாவியாக இருந்தாலும் கடைசி வரை பார்க்க வேண்டும். ஓட்டிவிட்டுப் பார்க்கக் கூடாது. படம் முடிந்து கறுப்புத் திரையில் பெயர்கள் மேலே ஏறுமே, அதுவும் முடிய வேண்டும். “முன்னாடி பேர் வர்றவங்களைக் கிண்டல் பண்ணலாம் அக்கா. அவங்க தெரிஞ்சே பண்றாங்க. பின்னாடி பேர் வர்றவங்க நம்மள மாதிரி. அவங்களைத் தொடக் கூடாது” என்பாள். நம்மள மாதிரியாம். என்னையும் சேர்த்துக்கொண்டாள் பாருங்கள்.

பார்த்ததை சலவை ரசீதுகளின் பின்பக்கத்தில் கிறுக்கி வைத்து, சாயங்காலம் மாடிக்கு வந்து மாமனாருக்குப் படித்துக் காட்டுவாள். அவருக்குக் கண் மங்கல், சிரிப்புக்கு மட்டும் குறைவில்லை. பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார். நான் அவருக்கு வேளா வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், என்னைப் பார்த்து அவர் பல்லைக் கழற்றியதே இல்லை.

அவள் பத்திரிகைக்குப் போனது என்னால்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் அவள் எங்கள் மேஜையில் விட்டுப்போன ரசீது ஒன்றை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். படிக்கக் கொடுக்க அல்ல, பிழையைக் காட்ட. “பாருங்க சார், ஒரு துண்டுச் சீட்டுல இருபத்தொன்பது தப்பு” என்று ஆசிரியரிடம் நீட்டினேன். எங்கள் ஆசிரியர் சிரித்து நான் பார்த்ததில்லை. டீயைக் குடித்துக்கொண்டே படித்தார். அது ‘முதலை மலை’ என்ற படத்தின் மூன்றாம் பாகம் பற்றியது.

“முதலையைப் பாத்து எல்லாரும் அலறுறாங்க. முதலை மட்டும் யாரையும் பாக்கல. அது வேற படத்துல இருந்து வந்த முதலை.”

டீ அவர் மூக்கு வழியாக வந்துவிட்டது. சட்டையெல்லாம் துடைத்துக்கொண்டு, “தப்பை நீங்க திருத்திடுங்கம்மா. அடுத்த வாரத்துல இருந்து எழுதச் சொல்லுங்க” என்றார். என்ன பெயரில் போடுவது என்று கேட்டு அனுப்பினார். அவள் யோசிக்கவே இல்லை.

“ஏழாம் பாகம்னு போடச் சொல்லுங்க அக்கா.”

“அதென்ன பேரு?”

“எங்க வீட்ல நான் ஏழாவது. ஆறோட நிறுத்தியிருக்கலாம். யாரும் கேக்கல, இருந்தும் எடுத்துட்டாங்க” என்று சொல்லிவிட்டு, என் தட்டிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் முதுகு மறையட்டும் என்று காத்திருந்தேன், அதற்குள் அது போய்விட்டது.

அன்றிலிருந்து என் வியாழக்கிழமைகள் நாசமாயின. எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. வியாழன் காலை பக்கத்தை அச்செடுத்து என் மேஜையில் வைப்பார்கள். அந்தக் கட்டுரைக்கு அறுபது வரி இடம். அதற்கு மேல் இருந்தால் மிச்ச வரிகள் கட்டத்துக்கு வெளியே, கீழே வழிந்து நிற்கும். எவ்வளவு வழிகிறதோ அவ்வளவையும் நான் வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்பது என் இஷ்டம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஏழாம் பாகத்தின் கட்டுரை முதல் வாரமே நாலு வரி வழிந்தது. அது ஒரு நாய் விஞ்ஞானியாக இருக்கிற படம், நாலாவது தடவையாக. நான் சிவப்புப் பேனாவோடு மேலிருந்து கீழே வந்தேன். ஒரு இடத்தில் என் உதடு என்னைக் கேட்காமல் விரிந்தது.

“நாய் நல்லா நடிச்சிருக்கு. நடுவுல ரெண்டு தடவை வாசக்கதவைப் பாத்துச்சு. நானும் பாத்தேன்.”

அதை வெட்டினேன்.

மனசு உறுத்தவில்லை. இடமில்லை, வெட்டினேன், என் வேலை அது. அடுத்த வாரமும் நாலு வரி வழிந்தது. அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு வாரமும் எந்த வரியில் என் உதடு விரிகிறதோ அந்த வரிக்குத்தான் சீட்டுக் கிழிந்தது. என்ன கொடுமை பாருங்கள், நான் வெட்டியது போக மிச்சமிருப்பதைப் படித்தே ஊர் சிரித்தது. காய்கறிக் கடைக்காரர் என்னிடம், “உங்க ஓரகத்தி இந்த வாரம் லிஃப்டைப் பத்தி எழுதியிருந்தாங்களே!” என்பார். லிஃப்ட் ஐந்து பேரைக் கொன்ற பிறகும் ஆறாவது ஆள் போய் அதன் பொத்தானை அழுத்துகிறார், அந்தக் கட்டடத்தில் மாடிப்படி இருப்பதை எல்லாரும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். அதைவிட நல்ல வரி ஒன்று என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது என்று அவரிடம் சொல்லத் தோன்றும்.

ஆமாம், இழுப்பறையில். வெட்டிய வரிகளை நான் குப்பையில் போடவில்லை. கத்தரிக்கோலால் பட்டை பட்டையாக நறுக்கி ஒரு பழைய உறைக்குள் போட்டு வைத்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. தூக்கிப் போட மனசு வரவில்லை. நாற்பது வாரம், நாற்பது பட்டை.

ஒரு வருடம் ஆகப்போகிற சமயத்தில் அவளுடைய சலவை நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு பெரிய மருத்துவமனையின் துணி வந்தது. இரண்டு வாரம் எல்லாருக்கும் இரட்டை ஷிஃப்ட். படம் பார்க்கவே நேரமில்லை. ஆசிரியரிடம் அவளே போனில் சொன்னாள், நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது.

“இந்த ரெண்டு வாரம் அக்கா எழுதட்டும் சார். என்னைவிட அவங்களுக்கு நல்லா வரும்.”

பதினேழு வருடம் காத்திருந்தது எனக்குக் கிடைத்தது, அதுவும் அவள் போட்ட பிச்சையாக. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். “சரிங்க சார்” என்றேன். ஆசிரியர், “நல்லா வந்தா உங்க பேரையே போட்டுடறேன்மா” என்றார். அவள் மறுநாள் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் மாடி ஏறி வந்து ஒரு டிஸ்க்கைக் கொடுத்தாள். ‘மரணத் தீவு’, நாலாம் பாகம்.

“முழுசா பாத்துடுங்க அக்கா. கடைசி வரைக்கும்.”

எனக்குப் பாடம் எடுக்கிறாள் என்று எரிச்சலாக வந்தது.

பார்த்தேன். ஒரு தீவு, ஒன்பது பேர், எந்நேரமும் மூடுபனி. ஒவ்வொருவராகப் பனிக்குள் போகிறார்கள், திரும்பி வருவதில்லை. நாற்பதாவது நிமிடத்தில் என்னால் முடியவில்லை, நிறுத்திவிட்டேன். இதில் எங்கே சிரிப்பது? அவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? உட்கார்ந்து எழுதினேன். “இத்திரைப்படத்தின் கதையமைப்பில் காணப்படும் போதாமைகள் நகைப்பிற்குரியன” என்று ஆரம்பித்து அறுபது வரி, சுத்தமாக, ஒரு வரி கூடக் குறையாமல். ஆசிரியர் படித்தார். டீயையும் குடித்தார். டீ போக வேண்டிய வழியில்தான் போயிற்று.

“நகைப்பிற்குரியனன்னு சொன்னா யாரும்மா சிரிப்பாங்க? படிக்கும்போது எனக்குப் பரீட்சை எழுதின ஞாபகம் வருது. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் இருக்கு, இன்னொரு தடவை பாருங்க.”

அவர் எழுந்து போன பிறகு இழுப்பறையைத் திறந்தேன். உறையைக் கவிழ்த்து நாற்பது பட்டையையும் மேஜையில் பரப்பினேன். அப்போதுதான் இந்தப் படங்களைப் பற்றி ஒரு உண்மை புரிந்தது. எல்லாம் ஒன்றுதான். ஒரு படத்துக்குச் சொன்னது எந்தப் படத்துக்கும் பொருந்தும். நாய் வாசல் கதவைப் பார்த்ததைக் குதிரை பார்ப்பதாக மாற்றினேன். “பிணம் மூச்சு விடுகிறது. படத்தில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான்” என்பதை அப்படியே எடுத்து வைத்தேன். கொலைப் படத்தில் பிணம் இல்லாமலா போகும்? “கடைசி இருபது நிமிடம் முதல் இருபது நிமிடமேதான். மறந்திருப்போம் என்று நம்பிவிட்டார்கள். மறந்துதான் போயிருந்தேன்.” அதையும் எடுத்தேன். இப்படிப் பத்துப் பட்டை. நடுவில் இருக்கிற இடைவெளிகளை என் வரிகளால் அடைத்தேன். ஒருமை பன்மை எல்லாம் சரியாக இருந்தது.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. கடைசிப் பக்கம், அறுபது வரி, அடியில் என் பெயர். காலை எட்டு மணிக்கே என் கணவர் கூடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். “குதிரை வாசலைப் பார்த்துச்சாம், இவளும் பார்த்தாளாம்! அடியேய், உனக்குள்ள இப்படி ஒருத்தி இருக்கான்னு இத்தனை வருஷம் எனக்குத் தெரியலையே!” என்றார். அலுவலகத்தில் கணினியில் பக்கம் கட்டுகிறவர் எழுந்து நின்று கை கொடுத்தார். ஆசிரியர் கூப்பிட்டு, “இனிமே ஒரு வாரம் அவங்க, ஒரு வாரம் நீங்க. பேர் போட்டே” என்று சொல்லிவிட்டார்.

நான் எப்படி மிதந்திருக்க வேண்டும்! மிதக்க முடியவில்லை. என் கணவர் சிரித்த இடம் எல்லாம் அவள் இடம். அவர் ‘உனக்குள்ள ஒருத்தி’ என்று சொன்ன அந்த ஒருத்தி கீழ் வீட்டில் இருந்தாள். கட்டுரையை எடுத்து நானே மறுபடி மறுபடி படித்தேன், என் வரிகளில் யாராவது சிரித்தார்களா என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. என் பெயர் போட்ட கட்டுரையைப் பார்த்தே எனக்குப் பொறாமை வந்தது. இப்படி ஒரு கேவலம் யாருக்காவது நடந்திருக்குமா?

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் விடுமுறை. பகல் மூன்று மணிக்கு மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். மாமனாரும் ஆசிரியரும் அந்த வரிகளைக் கேட்டோ படித்தோ மறந்துபோயிருப்பார்கள். ஞாபகம் வைத்திருப்பது இரண்டு பேர்தான், எழுதிய அவளும் வெட்டிய நானும். மாமனார் பத்திரிகையை அவளிடம் நீட்டினார். “உன் அக்கா எழுதினதைப் படிம்மா. பெரியவன் படிச்சான், பாதியை சிரிச்சு சிரிச்சே முழுங்கிட்டான்.”

நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தாள். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன். குதிரை வந்தது. அவள் குரல் ஒரு நொடி நின்றது. பிறகு ‘க்ளுக்’ என்று சிரித்துவிட்டு மேலே படித்தாள். பிணம் வந்தது, சிரித்தாள். பத்து இடத்திலும் சரியாகச் சிரித்தாள், ஏதோ இப்போதுதான் முதல் தடவை கேட்கிற மாதிரி. மாமனார் பல்லைக் கழற்றிவிட்டார். படித்து முடித்து, “எப்படி அக்கா இதெல்லாம் தோணுது உங்களுக்கு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எல்லார் முன்னாலும் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அவள் கீழே இறங்கும்போது பின்னாலேயே போனேன். நடுப்படியில் பிடித்துவிட்டேன்.

“என்னடி, பெரிய மனுஷி மாதிரி நடிக்கிறியா? சொல்ல வேண்டியதுதானே?”

“எதைச் சொல்ல?”

“அதெல்லாம் உன் வரின்னு.”

அவள் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது, இரண்டு ஷிஃப்டின் களைப்பு.

“எல்லாத்தையும் வெச்சிருந்தீங்களா அக்கா? நான் தூக்கிப் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்.”

“வெட்டுறேன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாம? முதல் வாரம் நாயைக் காணோம்னதும் அழுகையே வந்துடுச்சு. ரெண்டாவது வாரமும் நல்ல வரியா பாத்துப் போயிருந்துச்சு. அப்புறம்தான் விளங்குச்சு. அக்கா எதை வெட்டுறாங்களோ அதுதான் நல்லா வந்திருக்குன்னு அர்த்தம். அதுலேருந்து வேணும்னே நாலு வரி சேத்துதான் அனுப்புவேன். நீங்க எதை எடுக்கிறீங்கன்னு பாத்துப் பாத்துத்தான் எழுதவே கத்துக்கிட்டேன். ஆசிரியர் எல்லாத்துக்கும் சிரிக்கிறாரு, அவரை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல.”

நாற்பது வாரம் அவளை வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள். “வெட்டும்போது சிரிச்சீங்களா?”

“உதட்டை மடிச்சுக்கிட்டேன்” என்றேன்.

அதற்கு அவள் சிரித்தாள். உடனே முகம் மாறியது. அவள் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

“வரியை எடுத்தீங்க, போகட்டும். நான் தினமும் நூறு வரி கிறுக்குறேன். ஆனா அந்தப் படத்தை நீங்க பாக்கலையே அக்கா. ‘மரணத் தீவு’ல பொணமே கிடையாது. நாலு பாகத்துலயும் கிடையாது. பனிக்குள்ள போவாங்க, அவ்வளவுதான். பொணமா படுக்க ஆள் வைக்கக்கூட அவங்களுக்கு வழியில்ல. குதிரையும் கிடையாது. கடைசில எழுபத்து மூணு பேரோட பேர் வருது. அவ்வளவு பேர் சேந்து ஒண்ணு பண்ணியிருக்காங்க, கேவலமாத்தான் இருக்கு, இருந்தாலும் பாத்துட்டுல்ல திட்டணும்? பாக்காம திட்டினா அது என்ன அக்கா நியாயம்?”

விறுவிறுவென்று இறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலையே டிஸ்க்கை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கணவர், “மறுபடியுமா?” என்றார். “பேசாம இருங்க” என்றேன். நாற்பதாவது நிமிடத்தைத் தாண்டினேன். அவள் சொன்னது சரி, பிணம் இல்லை, குதிரை இல்லை. ஒன்பதாவது ஆளும் பனிக்குள் போனான், படம் முடிந்தது. பெயர்கள் ஏற ஆரம்பித்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன், எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே. தச்சர், ஓட்டுநர், சாப்பாடு கொண்டுவந்தவர். அப்புறம் ஒரு வரி: ‘மூடுபனி’ என்று போட்டு, எதிரே இரண்டு பெயர். படம் முழுக்க அந்த இரண்டு பேர் எங்கேயோ மறைந்து நின்று புகையை ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் வேலை செய்தவர்கள் அவர்கள் மட்டும்தான். நான் அவர்களைப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் ஒரு தாளை எடுத்தேன். இலக்கியம் எதுவும் கைக்கு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் மேல் பாதி, என் மேல் பாதி. எழுதியதை ஆசிரியர் மேஜையில் வைத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

“திருத்தம். சென்ற வாரம் ‘மரணத் தீவு’ நாலாம் பாகம் பற்றிய கட்டுரையில், பிணம் மூச்சு விடுவதாக எழுதியிருந்தேன். அந்தப் படத்தில் பிணம் இல்லை. வாசலைப் பார்த்த குதிரையும் இல்லை. வாசலைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். வாசகர்கள் சிரித்த பத்து வரிகளும் ‘ஏழாம் பாகம்’ எழுதியவை. அவள் இப்படி எழுதுகிறாளே என்ற பொறாமையில் வாராவாரம் நான் வெட்டி எடுத்து வைத்திருந்தவை. யாரும் சிரிக்காத மற்ற வரிகள் என்னுடையவை. அவற்றில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். மூடுபனி போட்ட இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.”

அடியில் என் பெயர்.

ஆசிரியர் இரண்டு தடவை படித்தார். “இதைப் போட்டா அந்த ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போச்சும்மா. தெரியுமில்ல?” என்றார்.

“தெரியும் சார்.”

“நானே மெதுவா பேசிச் சரி பண்ணிடலாம். போட்டுத்தான் ஆகணுமா?”

“போடுங்க சார்.”

வியாழக்கிழமை பக்கம் வந்தபோது, அந்த வாரம் கடைசிப் பக்கத்துக்கு நகர்த்தியிருந்த தலையங்கத்துக்கு அடியில் திருத்தம் மூன்று வரி வழிந்து நின்றது. பேனாவை எடுத்தேன். எந்த வரியிலும் வைக்க முடியவில்லை. ஆசிரியர் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, தன்னுடைய தலையங்கத்திலிருந்து மூன்று வரியை அவரே அடித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை என் கணவர் அதைப் படித்துப் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எனக்கு அதுவே போதும் போல இருந்தது, அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் வந்துவிட்டாள். இரட்டை ஷிஃப்ட் முடிந்து அன்று அவளுக்கு முழு விடுமுறை. தலைகூட வாரவில்லை. கையில் பத்திரிகை, கடைசிப் பக்கம் வெளியே தெரிய மடித்திருந்தது.

மாமனார், “என்னம்மா போட்டிருக்கு? சத்தமா படி” என்றார்.

படித்தாள். குதிரை வரைக்கும் ஒழுங்காகப் படித்தாள். ‘வாசலைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்’ என்ற இடத்தில் குரல் ஆட ஆரம்பித்தது. ‘எழுத்துப் பிழை ஏதும் இல்லை’ என்று வந்ததும் உடைந்துவிட்டாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய அப்படி ஒரு சிரிப்பு. போன ஞாயிற்றுக்கிழமை நடித்த சிரிப்புக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடுபனிக்காரர்கள் வருகிற வரியை அவளால் படிக்கவே முடியவில்லை. மூன்று தடவை ஆரம்பித்து, கடைசியில் தாளை மாமனார் மடியில் போட்டுவிட்டாள். அவர் பல்செட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக அவள் சிரிப்பு அடங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை மறுபடி எடுத்து, மனசுக்குள் ஒரு தடவை படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. எதையோ எண்ணுகிறவள் போல வரி வரியாக விரலை வைத்துக்கொண்டு போனாள்.

“இதுல எதையும் வெட்ட முடியல அக்கா” என்றாள். “இது எனக்கு வராது. நான் எத்தனை வருஷம் எழுதினாலும் இப்படி எழுத மாட்டேன்.”

முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் பெயர் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் அவள் பெயரை அப்படித்தான் பார்த்தேன்.

“பொறாமையா இருக்கு” என்றாள், வெடுக்கென்று. “நிஜமாவே பொறாமையா இருக்கு. என் பத்து வரியைவிட இது நல்லா இருக்கு.”

“இருக்கட்டும்” என்றேன். “உட்காரு, சாப்பாடு போடுறேன்.”